அரண்மனைத் திருமணச் செய்தியோடு அதன் சட்டத்தையும் எழுதுங்கள்

மலேசியத் தமிழ் நாளிதழ்கள், வானொலி, தொலைக்காட்சி, இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும், இரவுப் பணியில் அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழில் தரும் துணையாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

உலகில் எந்த அரண்மனையில் கல்யாண மேளம் கொட்டினாலும் நம் பத்திரிகைகளில் அதற்கு இடம் உண்டு. ஞாயிறு பதிப்பில் அரைப் பக்கம், வண்ணப் படம், மணமகளின் உடையை வடிவமைத்தவர் யார், ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று எல்லாம் வரும். வாசகர்கள் விரும்பிப் படிக்கிறார்கள். அதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. அந்தத் திருமணத்தால் மணமகள் சட்டப்படி எதை இழக்கிறார், அதே வீட்டில் பிறந்த அவருடைய அண்ணனோ தம்பியோ மணமுடித்தால் அதை இழப்பாரா, இதைத் தீர்மானிக்கும் சட்டப் பிரிவு எது என்பது மட்டும் செய்தியில் ஒவ்வொரு முறையும் விடுபட்டுப்போகிறது. மூன்று வரியில் எழுதிவிடக்கூடிய விஷயம். அந்த மூன்று வரியைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

ஜப்பானை முதலில் எடுத்துக்கொள்கிறோம். 2021 அக்டோபர் 26 அன்று இளவரசி மாகோ தம்முடன் படித்த கெய் கொமுரோவை மணந்தார். காதலுக்காக அரச வாழ்வையே தூக்கியெறிந்தார் என்ற பொருளில்தான் பெரும்பாலான செய்திகள் வந்தன. நடந்தது வேறு. 1947ஆம் ஆண்டின் ஜப்பானிய அரச குடும்பச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அரச குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர் பேரரசரையோ அரச குடும்பத்து ஆண் ஒருவரையோ தவிர வேறு எவரை மணந்தாலும் அரச குடும்பத்தினர் என்ற நிலையை இழப்பார் என்கிறது. இதற்கு அவருடைய சம்மதமோ விண்ணப்பமோ தேவையில்லை. உள்ளூர் அலுவலகம் திருமணப் பதிவை ஏற்றுக்கொண்ட அந்த நேரத்திலேயே நிலை பறிபோய்விடும். அன்று வரை அவருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. சாதாரணக் குடிமக்களின் குடும்பப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. பதிவுக்குப் பின் கொமுரோ என்ற குடும்பப் பெயரோடு புதிய பதிவேட்டில் ஏறினார். அரச நிலையை விட்டு வெளியேறும் பெண்ணுக்குச் சட்டப்படி ஒரு தொகை தரப்படும். மாகோவுக்கு அது சுமார் 15 கோடி யென். அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அவர் தாமாக விட்டுக்கொடுத்தது அந்தத் தொகை ஒன்றைத்தான்.

அதே குடும்பத்து ஆண்களைப் பாருங்கள். இன்றைய பேரரசர் நருஹித்தோ 1993இல் வெளியுறவு அதிகாரியாக இருந்த மசாக்கோவை மணந்தார். அவருடைய தம்பி அகிஷினோ 1990இல் ஒரு பேராசிரியரின் மகளான கிக்கோவை மணந்தார். இரண்டு மணமகள்களும் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர்கள். திருமணத்தோடு அரச குடும்பத்தினர் ஆனார்கள். ஆணின் திருமணத்துக்கு 10ஆம் பிரிவின்படி அரச குடும்ப மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் அவர் எதையும் இழப்பதில்லை. பெண்ணுக்கு ஒப்புதல் கேட்கும் வழியே இல்லை, நேராக வாசலுக்கு வெளியே. நருஹித்தோவின் தங்கை சயாக்கோவும் 2005இல் இப்படித்தான் வெளியேறினார்.

இனி ஜப்பான் பற்றிய செய்தி உங்கள் மேசைக்கு வரும்போது கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. பெண் அரியணை ஏற அங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. அச்சட்டத்தின் முதல் பிரிவு, அரியணைக்கு வருபவர் ஆணாக இருக்க வேண்டும் என்கிறது. தந்தைவழியில் அரச வம்சத்தவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. பேரரசரின் ஒரே பிள்ளை இளவரசி அய்கோ, 2001 டிசம்பர் 1 அன்று பிறந்தவர். அவர் தந்தைவழியில் அரச வம்சத்தவர்தான்; பெண் என்பதால் முதல் பூட்டு அவரைத் தடுக்கிறது. நாளை அவருக்கு ஒரு மகன் பிறந்தால் அந்தப் பிள்ளை ஆண். ஆனால் தாய்வழி வந்தவர் என்பதால் இரண்டாவது பூட்டு தடுக்கும். இப்போது ஜப்பானிய நாடாளுமன்றத்தில் பேசப்படும் யோசனைகளில் ஒன்று, மணமான பின்னும் இளவரசிகள் அரச குடும்பத்திலேயே இருக்கலாம் என்பது. செய்தி நிறுவனத்தின் குறிப்பில் இந்த வரியைக் கண்டதும், பெண்களுக்கு ஜப்பான் கதவைத் திறக்கிறது என்று தலைப்பிடத் தோன்றும். தயவுசெய்து இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தலைப்பிடுங்கள்: அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அரச நிலை உண்டா? முதல் பிரிவில் ஏதாவது மாறுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்பதே பதிலானால் அரியணை விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை. அரண்மனைச் சடங்குகளைச் செய்ய ஆள் குறைந்துகொண்டே வருவதால் அந்தப் பெண்களைப் பணிக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

ஆயிரமாயிரம் ஆண்டு மரபு, மாற்ற முடியாது என்ற வாதமும் அந்தச் செய்திகளோடு சேர்ந்தே வரும். அதை அப்படியே மொழிபெயர்த்துப் போடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். ஜப்பானில் 592இல் பட்டமேற்ற சுய்கோ முதல் 1770இல் பட்டம் துறந்த கோ-சகுராமச்சி வரை 8 பெண்கள் பேரரசிகளாக ஆண்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர் இரண்டு முறை அரியணை ஏறியதால் ஆட்சிக்காலம் 10 என்று கணக்கு. எல்லாருமே தந்தைவழி அரச வம்சத்தவர்கள். இரண்டாவது பூட்டு அன்றும் இருந்தது, முதல் பூட்டு இல்லை. பெண்ணுக்கு அறவே இடமில்லை என்று எழுத்தில் வந்தது 1889இல்தான். ஜப்பானிய அரசமைப்பின் 2ஆம் பிரிவு, அரியணை வாரிசுமுறை நாடாளுமன்றம் இயற்றும் சட்டப்படி அமையும் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே முதல் பிரிவைத் திருத்த அரசமைப்பைத் தொட வேண்டியதில்லை, சாதாரணச் சட்டத்திருத்தமே போதும். 2005இல் அரசு அமைத்த வல்லுநர் குழு, ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று பரிந்துரைத்தது. 2006 செப்டம்பரில் அகிஷினோவுக்கு மகன் ஹிசஹித்தோ பிறந்தார். 1965க்குப் பின் அந்தக் குடும்பத்தில் பிறந்த முதல் ஆண் குழந்தை அவர். பரிந்துரை அதோடு கிடப்பில் போடப்பட்டது. 2024 அக்டோபரில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு, இச்சட்டத்தை மாற்றும்படி ஜப்பானைக் கேட்டது. தான் தரும் நிதியை அந்தக் குழுவுக்குச் செலவிடக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஜப்பான் பதில் சொன்னது. இப்படியிருக்க, காதல் கதையாக மட்டும் இதை எழுதினால் வாசகருக்குச் சேர வேண்டியது சேராது.

மரபு என்ற பேச்சு வந்ததால் இன்னும் கொஞ்சம். பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் உள்ள ஆச்சேயை 1641 முதல் 1699 வரை அடுத்தடுத்து 4 அரசியர் ஆண்டார்கள். கிளந்தானுக்கு வடக்கே பட்டானியிலும் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெண்கள் வரிசையாக ஆண்டார்கள். திருவிதாங்கூரில் மருமக்கத்தாயப்படி பட்டம் மன்னரின் மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். அங்கே வாரிசு இல்லையென்றால் பெண்களைத்தான் தத்தெடுத்தார்கள், வம்சம் அவர்கள் வழியாகத் தொடர வேண்டும் என்பதற்காக. தஞ்சாவூரில் என்ன நடந்தது என்பதையும் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் இறந்தபோது மகள் இருந்தார், மகன் இல்லை. ஆண் வாரிசு இல்லை என்பதைக் காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பட்டத்தையே ஒழித்தது, சொத்துக்களையும் எடுத்துக்கொண்டது. விதவை அரசி காமாட்சி பாய் சாகேபா வழக்குப் போட்டார். அந்த வழக்கு லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய், 1859இல் அரசின் செயலை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பாகி அவருக்கு எதிராக முடிந்தது. வாரிசுச் சட்டம் அரண்மனைக்குள் அடங்கிய குடும்ப விவகாரம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படித்துப் பார்க்கட்டும்.

ஐரோப்பாவுக்கு வருவோம். செய்தியில் பிழை மிகுதியாக நுழைவது இங்கேதான்.

வாரிசு விதிகளை மூன்று வகையாகப் பிரித்து மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை குறையும். முதல் வகையில் பெண்ணுக்கு அறவே இடமில்லை. லீக்டன்ஸ்டைன் அப்படித்தான், ஜப்பானும் அப்படித்தான். இரண்டாவது வகையில் பெண் ஆளலாம். ஆனால் பிற்பாடு பிறந்த தம்பியும் அக்காளை முந்திவிடுவார். ஸ்பெயினும் மொனாக்கோவும் இந்த வகை. மூன்றாவது வகையில் ஆண் பெண் பேதமில்லை, மூத்த பிள்ளைக்கே பட்டம். சுவீடன், நெதர்லாந்து, நார்வே, பெல்ஜியம், டென்மார்க், லக்சம்பர்க், பிரிட்டன் ஆகியவை இப்போது இந்த வகையில் இருக்கின்றன.

ஸ்பெயினின் லியோனோர் இளவரசி இராணுவச் சீருடையில் நிற்கும் படம் வரும்போதெல்லாம், அங்கே சமத்துவம் வந்துவிட்டது என்று படக்குறிப்பு எழுதிவிடுகிறார்கள். வரவில்லை. 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் 57ஆம் பிரிவு ஆணுக்கே முன்னுரிமை தருகிறது. லியோனோரின் தந்தை ஆறாம் ஃபெலிப்பெக்கு எலேனா, கிறிஸ்டினா என்று இரண்டு அக்காள்கள். மூவரில் கடைசிப் பிள்ளையான அவரே அரசரானார். லியோனோருக்குத் தங்கை மட்டுமே இருப்பதால்தான் அவர் வாரிசு. தம்பி ஒருவர் பிறந்திருந்தால் அன்றே இடம் போயிருக்கும். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதே, அரியணை வாரிசு விதியை இது பாதிக்காது என்று ஸ்பெயின் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் ஏற்றது.

மொனாக்கோவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2014 டிசம்பர் 10 அன்று அங்கே இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பெண் குழந்தை கப்ரியெல்லா மாலை 5.04க்கு, ஆண் குழந்தை ஜாக் 5.06க்கு. பட்டத்துக்குரியவர் ஜாக். ஒரே தாய், ஒரே பிரசவ அறை, இரண்டு நிமிட மூப்பு. அந்த மூப்பு சட்டத்தின் முன் செல்லவில்லை. இந்தப் பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தைப் போடும் போதாவது இந்த ஒரு வரியைச் சேர்த்துப் போடலாமே.

பிரிட்டன் பற்றிய செய்திகளில் நாங்கள் காணும் பிழைகள் அதிகம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு அரியணை உரிமையைக் கொடுத்தது என்று எழுதுகிறார்கள். விக்டோரியாவும் இரண்டாம் எலிசபெத்தும் அதற்கு முன்பே ஆண்டவர்கள் அல்லவா? தம்பி அக்காளை முந்தும் விதியை நீக்கியதுதான் அந்தச் சட்டம் செய்தது. அதுவும் 2011 அக்டோபர் 28க்குப் பின் பிறந்தவர்களுக்கு மட்டும். அன்றுதான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிரிட்டிஷ் மன்னரைத் தங்கள் நாட்டுத் தலைவராகக் கொண்ட 16 நாடுகளின் பிரதமர்கள் இதற்கு இணங்கினார்கள். காமன்வெல்த்தில் இருந்தாலும் அந்தப் பதினாறில் மலேசியா இல்லை, இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். சட்டம் நடப்புக்கு வந்தது 2015 மார்ச் 26. ஐந்து வாரம் கழித்து மே 2 அன்று இளவரசர் வில்லியமின் மகள் சார்லட் பிறந்தார். 2018இல் தம்பி லூயி பிறந்தபோது சார்லட்டின் இடம் அசையவில்லை. இதை அவருடைய தாத்தாவின் தங்கையான இளவரசி ஆனுடன் ஒப்பிட்டுக் காட்டலாம். 1952இல் ஆன் இரண்டாவது இடத்தில் இருந்தார். 1960இல் ஆண்ட்ரூ பிறந்ததும் மூன்றாவது. 1964இல் எட்வர்ட் பிறந்ததும் நான்காவது. இருவரும் அவருடைய தம்பிமார்.

திருமண ஒப்புதல் விஷயத்திலும் அதே சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1772ஆம் ஆண்டின் அரச திருமணச் சட்டப்படி, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் வழித்தோன்றல்கள், வெளிநாட்டுக் குடும்பங்களில் மணமான இளவரசிகளின் பிள்ளைகள் நீங்கலாக, எல்லாருமே மன்னரின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. பெறாவிட்டால் திருமணமே செல்லாது. 25 வயதைத் தாண்டியவர்கள் மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு அறிவித்துவிட்டு 12 மாதம் காத்திருக்கலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்காவிட்டால் மணமுடிக்கலாம். 2013 சட்டம் அதை நீக்கிவிட்டு, வரிசையில் முதல் 6 பேர் மட்டும் ஒப்புதல் பெற்றால் போதும் என்றது. பெறாமல் மணந்தால் திருமணம் செல்லும். வாரிசு உரிமைதான் போகும், அவருடைய பிள்ளைகளுக்கும் போகும். 2018 மே மாதம் மணமுடித்த ஹாரிக்கு ஒப்புதல் தேவைப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மணமுடித்த ஆண்ட்ரூவின் மகள் யூஜினிக்குத் தேவைப்படவில்லை. அவர் வரிசையில் ஒன்பதாவது. கத்தோலிக்கரை மணந்தால் உரிமை போகும் என்ற பழைய விதியும் நீங்கியது. 1978இல் கத்தோலிக்கப் பெண்ணை மணந்து இடத்தை இழந்த கென்ட் இளவரசர் மைக்கேலுக்கு 2015இல் இடம் திரும்பக் கிடைத்தது. ஆனால் அரியணையில் அமர்பவர் இன்றும் கத்தோலிக்கராக இருக்க முடியாது.

பட்டப்பெயர் வேறு, வாரிசு வரிசை வேறு. இதைப் பிரித்துப் பார்க்காததால் வரும் பிழைகளுக்கு அளவில்லை. 1917ஆம் ஆண்டின் அரச ஆணைப்படி, வேல்ஸ் இளவரசரின் மூத்த மகனுக்குப் பிறக்கும் மூத்த மகன் மட்டுமே இளவரசர். அப்போது வேல்ஸ் இளவரசராக இருந்த சார்லஸின் மூத்த மகன் வில்லியமின் மனைவி கேட்டுக்கு முதலில் மகள் பிறந்திருந்தால், நாளைய அரசியாக வரப்போகும் அந்தப் பிள்ளைக்கு இளவரசி என்ற பட்டமே இருந்திருக்காது. 2012 டிசம்பர் 31 அன்று எலிசபெத் அரசியார் புதிய ஆணை பிறப்பித்த பிறகே மூத்த மகனின் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. வாரிசுச் சட்டம் திருந்தினாலும் பக்கத்திலிருக்கும் பட்டப்பெயர் ஆணை திருந்தாமல் கிடக்கும். எந்தச் செய்தியிலும் இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள்.

வாரிசு என்று எழுதும்போதும் அந்த இடம் உறுதியானதா, அடுத்த குழந்தை பிறந்தால் கைநழுவக்கூடியதா என்பதைச் சொல்லிவிடுங்கள். 1936 முதல் 1952 வரை எலிசபெத் அரியணைக்கு அடுத்தவராக இருந்தும், சட்டத்தின் கண்ணில் அவர் உறுதியான வாரிசாக இருந்ததில்லை. தந்தைக்கு ஒரு மகன் பிறந்துவிடலாம் என்று கடைசி நாள் வரை இடம் விட்டுவைக்கப்பட்டிருந்தது. 1837 ஜூன் 20 அன்று விக்டோரியாவை அரசியாக அறிவித்த பிரகடனம் இதைவிட வெளிப்படை. மறைந்த நான்காம் வில்லியம் மன்னருக்கு அவருடைய விதவை வயிற்றில் குழந்தை ஏதும் பிறந்தால் அதன் உரிமைக்கு இது குந்தகமாகாது என்ற நிபந்தனையோடுதான் அவரை அரசி என்றே அறிவித்தார்கள். விதவைக்கு அப்போது வயது 44. அதே நாளில் ஹனோவர் நாட்டின் மணிமுடி விக்டோரியாவுக்கு வராமல் அவருடைய சித்தப்பா எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போனது. அங்கே ஆண்வழிக்கே முதலிடம். 1890இல் நெதர்லாந்தில் வில்ஹெல்மினா அரசியானபோது லக்சம்பர்க் பிரிந்துபோனதற்கும் இதே காரணம்தான். ஒரு பெண் பட்டத்துக்கு வந்ததால் இரண்டு முறை நாடுகளே பிரிந்திருக்கின்றன.

எங்கள் பார்வையில், வாரிசுச் சட்டத்தைத் திருத்தும் எந்தச் செய்தியிலும் முக்கியமான தகவல் அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதே. நம் செய்திகளில் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. சுவீடனில் 1977இல் விக்டோரியா பிறந்தார். 1979 மே மாதம் தம்பி கார்ல் பிலிப் பிறந்து பட்டத்து இளவரசரானார். 1980 ஜனவரி 1 அன்று புதிய விதி நடப்புக்கு வந்தது. ஏற்கெனவே பிறந்துவிட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று சொன்னதால், ஏழு மாதக் குழந்தையிடமிருந்து பட்டம் அக்காளுக்கு மாறியது. மன்னருக்கு அதில் வருத்தம் இருந்தது, நாடாளுமன்றம் பின்வாங்கவில்லை. நார்வே 1990இல் திருத்தியபோது, அதற்கு முன் பிறந்தவர்களில் ஆணுக்கே முன்னுரிமை என்றது. அதனால் 1971இல் பிறந்த மார்த்தா லூயீஸ், 1973இல் பிறந்த தம்பி ஹாக்கோனுக்குப் பின்னால் நிற்கிறார். ஹாக்கோனின் மகள் இங்கிரிட் அலெக்சாண்ட்ராவோ தம் தம்பிக்கு முன்னால் நிற்கிறார். ஒரே வீட்டில் அத்தைக்கு ஒரு நீதி, மருமகளுக்கு ஒரு நீதி. டென்மார்க்கில் 1953இல், மன்னருக்கு மூன்று மகள்கள் மட்டுமே இருந்த நிலையில், பெண்ணும் ஆளலாம் என்று மாற்றினார்கள். மன்னரின் தம்பி குனூட் இடத்தை இழந்தார். 13 வயது மார்கிரேத்தே வாரிசானார். ஆனாலும் தம்பி முந்தும் விதியை நீக்க 2009 பொது வாக்கெடுப்பு வரை ஆயிற்று.

தேதி விஷயம் நம் வாசகர்களுக்குப் புதிதில்லை. மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளை குடிமகனாகலாம், மலேசியத் தாய்க்குப் பிறந்தால் தாய் அரசமைப்பின் 15(2) பிரிவின்கீழ் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்ற நிலை நம் நாட்டில் எத்தனை ஆண்டுகள் இருந்தது! 2024 அக்டோபரில் மக்களவை அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. அது முன்தேதியிட்டுச் செல்லாது. முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு விண்ணப்ப வழிதான். நார்வேயின் மார்த்தா லூயீஸ் நிற்கும் இடத்தில்தான் அந்தப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் பிரசவித்த நம் தமிழ்த் தாய்மார் பலருக்கு அரண்மனைச் செய்தியைவிட இது நெருக்கமானது. ஒன்றை விளக்கினால் மற்றொன்றும் விளங்கும். ஞாயிறு பதிப்பில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக இரண்டையும் அருகருகே போடுங்கள்.

கணவர்களைப் பற்றியும் ஒரு சொல். மன்னரை மணக்கும் பெண் அரசி என்று அழைக்கப்படுகிறார். அரசியை மணக்கும் ஆண் மன்னர் என்று அழைக்கப்படுவதில்லை. இதை வைத்து, பாதிக்கப்படுவது ஆண்தான் என்று எழுதப்பட்ட கட்டுரைகளும் வந்திருக்கின்றன. டென்மார்க்கின் ஹென்ரிக் தமக்கு மன்னர் பட்டம் தரப்படவில்லை என்ற மனத்தாங்கலில், மனைவியின் அருகில் தம்மை அடக்கம் செய்ய வேண்டாம் என்று 2017இல் அறிவித்தார். 2018 பிப்ரவரியில் காலமானார். அவருடைய வருத்தம் உண்மையானது. ஆனால் அந்த ஏற்பாட்டின் வேர் எங்கே இருக்கிறது? மன்னர் என்ற சொல் கேட்டவுடனேயே ஆட்சி அவர் கையில் என்று எல்லாரும் கொள்வார்கள் என்ற அச்சத்தில் இருக்கிறது. மனைவிக்கு அரசி என்ற பட்டம் தரத் தயங்காததும் அதே காரணத்தால்தான். அவரிடம் ஆட்சி போய்விடும் என்று எவரும் அஞ்சவில்லை.

நம் அண்டை நாடான தாய்லாந்தில் 1924ஆம் ஆண்டின் அரண்மனை வாரிசுச் சட்டம் பெண்களை விலக்கியது. 1974 முதல் அரசமைப்பு, மன்னர் வாரிசைக் குறிப்பிடாத நிலையில் இளவரசி ஒருவர் பெயரையும் முன்வைக்க வழி செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் எழுதினால் எதிரெதிரான செய்தி வரும். நம் நாட்டின் ஒன்பது ஆட்சியாளர்களின் பட்டமேற்பு அந்தந்த மாநில அரசமைப்புச் சட்டங்களின்படி நடப்பது. இம்மடல் அதைப் பற்றியதன்று. பெர்லிஸ் ஆட்சியாளர் ராஜா என்பதையும், நெகிரி செம்பிலான் ஆட்சியாளர் யாங் டி பெர்த்துவான் பெசார் என்பதையும் மறந்து இருவரையும் சுல்தான் என்று எழுதும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டுகிறோம்.

இனி நடைமுறை. இரவு பத்து மணிக்குச் செய்தி நிறுவனத்தின் குறிப்பு வந்து, அரை மணி நேரத்தில் பக்கம் முடிக்க வேண்டிய துணையாசிரியரால் சட்டப் புத்தகத்தைத் தேட முடியாது. அது எங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு அட்டை தயாரித்திருக்கிறோம். ஏ4 தாள் ஒன்றின் இரு பக்கம். பிரிட்டன், ஸ்பெயின், சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து, பெல்ஜியம், மொனாக்கோ, ஜப்பான், தாய்லாந்து ஆகிய 10 நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு கட்டம்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, மூன்று வகையில் எது, எந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்குச் செல்லும், திருமணத்துக்கு யாருடைய ஒப்புதல், ஒப்புதல் இல்லாவிட்டால் போவது திருமணமா, வாரிசு உரிமையா, குடும்ப நிலையா, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன நிலை. ஐந்தாவது கட்டத்தில்தான் நம் செய்திகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்றன. நெதர்லாந்தில் 2004இல் இளவரசர் ஃபிரிசோ நாடாளுமன்ற ஒப்புதல் கேட்காமல் மணந்தார். வாரிசு உரிமையும் சட்டம் வரையறுக்கும் 'அரச இல்லத்தில்' இருந்த இடமும் போயின, ஆனால் பரந்த அரச குடும்பத்தினராகவே இருந்தார். ஜப்பானில் மாகோவுக்குக் குடும்ப நிலையே போனது. அவருக்குப் போக வாரிசு உரிமை என்று ஒன்று இருக்கவே இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அரச பதவியை இழந்தார் என்று எழுதினால், ஒருவருக்கு நடந்தது மற்றவருக்கு நடந்ததாகிவிடும்.

அட்டையை எந்த நாளிதழும் தளமும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எங்கள் பெயர் போட வேண்டியதில்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்திய பதிப்பை அனுப்புவோம். இடையில் ஏதாவது நாட்டுச் சட்டம் மாறினால், மாறிய கட்டத்தை மட்டும் அன்றே அனுப்பிவிடுவோம். மாணவர் பகுதிக்குப் புதிர் தயாரிப்பவர்களும் இதைப் பார்த்துக்கொண்டால் நல்லது. முதன்முதலில் பெண்ணுக்கு அரியணை உரிமை தந்த நாடு எது என்ற கேள்விக்கு சுவீடன் என்று விடை போட்டால் அது தவறு. ஆண் பெண் பேதமின்றி மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று முதலில் சட்டமாக்கிய நாடு எது என்று கேட்டால்தான் சுவீடன் சரியான விடை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அந்த விடையை மனப்பாடம் செய்து போட்டி மேடைக்குப் போகிறார்கள்.

இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய கட்டுரைகளை நீக்கச் சொல்லவில்லை. மாகோ திருமணம், லியோனோர், 2013ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் இம்மூன்றையும் பற்றிய கட்டுரைகளின் அடியில் இரண்டு வரித் திருத்தக் குறிப்பும் திருத்திய தேதியும் போடுங்கள். தலைப்பு தவறாக இருந்தால் தலைப்பையும் மாற்றுங்கள். கைப்பேசியில் பகிரப்படுவது தலைப்பு மட்டும்தான். குறிப்புக்கான வாசகம் மூன்றையும் எழுதி அட்டையின் பின்பக்கத்தில் வைத்திருக்கிறோம், அப்படியே எடுத்துப் போடலாம்.

அன்புடன்,
கோலாலம்பூரில் பணிபுரியும் தமிழ்ப் பெண் வழக்கறிஞர்கள், வரலாற்று ஆசிரியைகள் சிலர்